எக்செல் மேக்ரோவில் 'சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று பிழை 9 வருகிறது, கட்டளை சரியாகத்தானே இருக்கிறது?

கட்டளை சரியாகத்தான் இருக்கும். நீங்கள் ஷீட்டுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிழை 9 பெரும்பாலும் சொல்வது இதுதான்: நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஷீட்டோ ஃபைலோ அந்தப் பெயரில் அங்கே இல்லை.

நான் இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளாக்கர். டிவிஷன் வாரியாக பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு), அரைப்பேர் (அரை நாள்), கொழுந்து கிலோ எல்லாவற்றையும் கூட்டிச் சம்பளத்துக்கு எடுக்கும் மேக்ரோ நான் எழுதியது, எந்த இஞ்சினியரும் எழுதித் தரவில்லை. சம்பளத்துக்கு முந்தின நாள் அது இதே பிழையில் நின்றது. போனில் கேட்டால், எக்செலை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். நான் டீபக்கை அமத்திப் பார்த்தேன். மஞ்சள் வரியில் ஷீட் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். பயிற்சிக்கு வந்த தம்பி ஷீட் பெயர்களை அழகாகத் தமிழில் மாற்றி, மேக்ரோவிலும் அதையே ஒட்டியிருக்கிறார். எக்செல் ஷீட்டில் தமிழ் நன்றாகத் தெரியும், ஆனால் மேக்ரோ எழுதும் அந்த ஜன்னல் யூனிகோட் தெரியாத பழைய சாமான், தமிழ் எழுத்தை எல்லாம் கேள்விக்குறி ஆக்கிவிடும்.

தமிழ்ப் பெயரை விட வேண்டியதில்லை. மேக்ரோ ஜன்னலில் அந்த ஷீட்டைத் தொட்டு எஃப்4 அமத்துங்கள். மேலே அடைப்புக்குறிக்குள் 'நேம்' என்று இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் கொடுத்து, கட்டளையில் மேற்கோள் குறி இல்லாமல் அதையே எழுதுங்கள். அப்புறம் கீழே டேப்பில் யார் என்ன பெயர் வைத்தாலும் மேக்ரோ அசையாது. ஒரே ஃபைலுக்குள் மட்டும்தான் இது.

ஆங்கிலப் பெயர்தான் என்றால், கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். பெரிய எழுத்து சின்ன எழுத்து பிரச்சினை இல்லை, ஸ்பேஸ் பிரச்சினை. மேக்ரோ ஜன்னலில் கண்ட்ரோல் ஜி அமத்தி, 'லென்' போட்டு எழுத்துகளை எண்ணினால் அகப்பட்டுவிடும்.

'ஆன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்' போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். போடாதீர்கள். பிழையை மறைத்துக்கொண்டு மேக்ரோ ஓடும், ஒரு டிவிஷனே கணக்கில் விடுபடும், சம்பள நாளில் அந்தச் சனத்துக்கு முன்னால் நிற்கப்போவது நீங்கள். தரவைத் தானாகத் திரட்டித் தரும் எக்செல் வசதியான பவர் குவரி இருக்கும்போது மேக்ரோ எதற்கு என்று கேட்பவர்களுக்கு: எங்கள் ஆபீசில் இருப்பது எக்செல் 2007, அதில் அது ஓடாது. வாங்கித் தந்தால் செய்கிறேன்.

பெயர் என்றதும் வயிறு எரிகிறது. ஸ்பேஸ் ஒன்றுக்காக நிற்பது மெஷின், சரி. லெட்சுமி என்று ஒரு அம்மாவுக்கு பிறப்புப் பதிவில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதியில் மூன்றாவது. எழுதியது எல்லாம் ஆபீஸ்காரர்கள். மாதா மாதம் அவர் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கும்போது எழுத்தை யாரும் பார்ப்பதில்லை, 50 வயதில் காசு கேட்டுப் போனால்தான் பார்க்கிறார்கள். மூன்றும் ஒரே ஆள் என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு, ஒரு நாள் பேரை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியது அந்த அம்மா.

சரி, பெயரெல்லாம் பார்த்த பிறகும் 9 போகவில்லை என்றால் அந்த மஞ்சள் வரியை அப்படியே இங்கே போடுங்கள். 1004 என்று மாறினால் முதலில் ஷீட் பூட்டியிருக்கிறதா பாருங்கள்.