படச்சுருளிலிருந்து தொலைக்காட்சிக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய செய்திப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகத் துறையில் இறுதியாண்டு படிக்கிறேன். பழைய பிலிமை டிஜிட்டலாக்கி ஒளிபரப்புக்குத் தயார்செய்யும் வேலைக்குப் போக ஆசை. நண்பர்களோ, "ஸ்கேனரில் மாட்டினால் அது பாட்டுக்கு எடுத்துத் தரப்போகிறது, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?" என்கிறார்கள். எந்த மென்பொருளைப் படித்தால் இந்த வேலைக்குப் போகலாம்? தாத்தா வீட்டில் 1960களில் எடுத்த 16 மி.மீ. சுருள்கள் சில டப்பாவோடு கிடக்கின்றன. அவற்றை வைத்துப் பழகலாமா?

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தாத்தா வீட்டுச் சுருளில் பழக வேண்டாம். அந்தக் காலத்தில் வீட்டு விசேஷங்களை எடுத்த 16 மி.மீ. பிலிம் பெரும்பாலும் ரிவர்சல் வகை. கேமராவுக்குள் ஓடிய அதே பிலிமைக் கழுவித் திரையிட்டுவிடுவார்கள். நெகட்டிவ் என்று தனியாக ஒன்று கிடையாது. கிழிந்தால் போனது போனதுதான். 1963 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கிய காலத்துச் செய்திக் காட்சிகளும் 16 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டவையே.

டப்பாவைத் திறந்து முகர்ந்து மட்டும் பாருங்கள். புளித்த காடி வாடை வந்தால் பிலிமின் அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள், அதன் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். நம் ஊர் வெப்பமும் ஈரமும் இதை இன்னும் வேகப்படுத்தும். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். நிறத்திருத்தத்தின் அடிப்படைகளைக் கற்க அது போதும், உங்கள் வயதில் சில மாதங்களில் கைவந்துவிடும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்தப் படம் எடுக்கப்பட்ட நாளில் எப்படித் தெரிந்தது, எப்படி ஒலித்தது என்பதைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். அது ஸ்கேனருக்குத் தெரியாது. இந்த வேலையின் திறமை என்று நான் நினைப்பது அதைத்தான்.

அது மேசையில் தொடங்குகிறது. சுருளை ஸ்கேனரில் மாட்டுவதற்கு முன்னால் இரண்டு கைச்சுற்றிகளுக்கு நடுவே மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். கையுறை போட்ட கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிலிமின் இரு ஓரங்களையும் லேசாகப் பிடித்திருக்கும். பிலிமை நகர்த்துவதற்காக ஓரத்தில் இருக்கும் துளை கிழிந்திருந்தால் விரலில் தட்டும். ஒட்டு வரும் இடத்தில் சின்ன மேடு தெரியும். அங்கே நிறுத்தி மெல்ல வளைத்தால் ஒட்டு பிடித்திருக்கிறதா, விட்டுவிட்டதா என்று தெரிந்துவிடும். பழைய நாடா ஒட்டாக இருந்தால் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் படமே உரிந்து வந்துவிடும். பிலிம் சுருங்கியிருக்கிறதா என்றும் அளந்து பார்க்க வேண்டும். சுருக்கம் 1 விழுக்காட்டை நெருங்கினால் பல்சக்கரம் வைத்த பழைய இயந்திரங்களில் ஓட்டுவது ஆபத்து. துளையை நம்பாமல் உருளைகளால் நகர்த்தும் ஸ்கேனர்தான் அதற்குச் சரி.

அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓரத்தைப் படிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துளையா, இரு பக்கமுமா? ஒலித்தடம் இருந்தால் அது நெளிந்து ஓடும் ஒளிக்கோடா, பழுப்பு நிறக் காந்தப் பட்டையா? கோடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருக்கும். அவை பிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும். ஆனால் ஒரே குறி 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வந்தது. ஆகவே எந்த இருபது என்பதைத் தெருவில் போகும் காரையும் பின்னால் தெரியும் கட்டடத்தையும் உடையையும் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். திரைப்படம் வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படங்கள். சிங்கப்பூர்த் தொலைக்காட்சி வினாடிக்கு 25 பிரேம் முறையில் வளர்ந்தது. அதனால் 24 பிரேம் படத்தை 25இல் ஓட்டிவிடுவதுதான் வழக்கம். 4 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டின் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். கேசட்டில் பாடிப் பழகிய பாட்டைத் தொலைக்காட்சியோடு சேர்ந்து பாடப் போனால் சேராமல் போவதற்கு இதுதான் காரணம். இன்று வேகத்தைக் கூட்டினாலும் சுருதியை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியும். அதைச் செய்ய வேண்டும் என்று முதலில் ஒருவர் காதுக்குப் பட வேண்டும்.

ஒலியில்லாத வீட்டுப் படங்களில் சிக்கல் இன்னும் பெரிது. அவை பெரும்பாலும் வினாடிக்கு 16 அல்லது 18 பிரேமில் எடுக்கப்பட்டவை. அப்படியே 25இல் ஓட்டினால் கல்யாணப் பந்தலில் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். பழைய படம் என்றாலே மனிதர்கள் விடுக் விடுக்கென்று நடப்பார்கள் என்று மக்கள் நினைப்பது இதனால்தான். யாரும் அப்படி நடக்கவில்லை! ஸ்கேனர் பிரேம்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து வைக்கும், அவ்வளவுதான். ஒருவர் நடப்பதையும் செம்பிலிருந்து தண்ணீர் விழுவதையும் பார்த்துச் சரியான வேகத்தை நிர்ணயிப்பது ஆளின் வேலை.

அடுத்து சட்டகம். 16 மி.மீ. படம் ஏறக்குறைய 4:3. இன்றைய திரை 16:9. பக்கங்களில் கறுப்புப் பட்டை தெரியக் கூடாது என்று படத்தைப் பெரிதாக்கினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். பரதநாட்டியக் காட்சியில் அந்தக் கால்வாசி எது? சலங்கை கட்டிய பாதம். அடவு ஆடும் காலை வெட்டிவிட்டு நாட்டியம் என்று ஒளிபரப்புவதை என்னால் ஏற்க முடியாது. கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

தானியங்கித் தூசு நீக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒரே ஒரு பிரேமில் மட்டும் தோன்றி மறையும் புள்ளியைத் தூசு என்று அது எடுத்துக்கொள்ளும். தாலி கட்டும் நேரத்தில் தூவும் அட்சதையும் அப்படித்தான் தோன்றி மறையும். அளவை ஏற்றிவிட்டுப் போய்விட்டால் வந்து பார்க்கும்போது அட்சதை பாதி காணாமல் போயிருக்கும்.

நிறத்தில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய வண்ணப் பிரதிகள் பல இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். மற்றச் சாயங்கள் மங்கி மெஜந்தா மட்டும் நின்றுவிட்டதன் விளைவு அது. மீட்கும்போது மல்லிகையின் வெள்ளை, வாழையிலைப் பச்சை, மஞ்சள் தடவிய தேங்காய் என்று நிறம் தெரிந்த பொருள்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தை வெளுக்க வைக்காதீர்கள். நிறத்தை வரைபடமாக அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் மனிதத் தோல் எந்த இனத்தவருடையதாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே கோட்டருகேதான் விழும். வேறுபடுவது ஒளியளவு. அந்த ஒளியளவைத் தூக்கி 'பளிச்' ஆக்கினால் படத்தில் இருப்பவர் உங்கள் தாத்தா இல்லை, வேறு யாரோ.

கோப்பு விவகாரங்களை வேலையில் சேர்ந்தபின் கற்றுக்கொள்ளலாம். 2கே அளவில் (அகலத்தில் சுமார் 2,000 புள்ளிகள்), ஒவ்வொரு நிறத்துக்கும் 10 பிட் வீதம் பிரேம் பிரேமாகச் சேமித்தால் ஒரு மணி நேரப் படம் 1 டெராபைட்டைத் தாண்டும். கை வைக்காத அந்த மூலக் கோப்பு ஒன்று, நிலையம் கேட்கும் வரம்புக்குள் ஒளியளவையும் ஒலியளவையும் அடக்கிய ஒளிபரப்புப் பிரதி ஒன்று என்று இரண்டையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும்.

பழகுவதற்குக் கையில் யாருடைய நினைவும் இல்லாத கழிவு பிலிம் வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்திலும், 2005இல் தொடங்கப்பட்ட ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள். பிந்தையதிடம் உள்ள, கேத்தே-கெரிஸ் பட நிறுவனத்தின் மலாய்ப் படத் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டாரப் பதிவேட்டில் இடம்பெற்றது. பி. என். ராவ், எல். கிருஷ்ணன் போன்று இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் சிங்கப்பூரில் மலாய்ப் படங்கள் எடுத்த காலத்தின் தொகுப்பு அது. தெரிந்துகொண்டு போங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒரு தகுதி உங்களிடம் இருக்கிறது. இரு பக்கமும் துளையுள்ள ஒலியில்லாத பிலிமைத் திருப்பி மாட்டிவிட்டால் படம் இடம் வலமாக மாறி வரும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பெண்கள் எல்லோருக்கும் முந்தானை வலத்தோளில் கிடப்பதையும், கோயில் வாசல் பலகையில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் வலமிருந்து இடமாக ஓடுவதையும் நம்மவர் ஒருவர்தான் சட்டென்று பிடிப்பார். டப்பா மூடியில் பென்சிலில் கிறுக்கிய தமிழைப் படித்து, மேடையில் நிற்பது யார், இது எந்த ஊர்வலம் என்று பட்டியலில் எழுதவும் ஆள் வேண்டும். இல்லையென்றால் 'இந்திய நிகழ்ச்சி' என்ற ஒற்றை வரியோடு அது அலமாரிக்குப் போய்விடும், அப்புறம் யாரும் தேடி எடுக்க மாட்டார்கள். விண்ணப்பம் எழுதும்போது தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்பதை மென்பொருள்களின் பெயருக்கு மேலே எழுதுங்கள்.

அன்புடன்