சுட்ட செஸ்ட்நட்டின் உள்தோல் உரியவில்லையா?

செஸ்ட்நட் என்ற கொட்டையைச் சுட்டதும் சூடு ஆறுவதற்குள் உரித்துவிடுங்கள்; ஆறினால் அந்தப் பழுப்பு உள்தோல் பருப்போடு ஒட்டிக்கொள்ளும். அக்டோபரில் நடக்கப் போனபோது பொறுக்கிய கொட்டைகளை ஓவனில் சுட்டும் தோல் வரவில்லை என்கிறீர்கள். கீறல் மேலோட்டோடு நின்றிருக்கலாம். உள்தோலும் அறுபடும்படி குறுக்காகக் கீறி, 200 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுட்டு, துணியில் சற்று நேரம் பொதிந்து வையுங்கள். அப்போது எழும் மணத்துக்காகவே இலையுதிர்காலத்தை எதிர்பார்ப்பவன் நான்! கீறாமல் சுட்டால் வெடிக்கும்.

சுடுவதற்கு முன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பவை பெரும்பாலும் புழுத்தவை அல்லது காய்ந்தவை.

பொறுக்கியது எந்த வகை? பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் குதிரைச் செஸ்ட்நட் (horse chestnut) நஞ்சு. அதன் கொட்டையை மூடியிருக்கும் உறையில் தடித்த முட்கள் இடைவெளிவிட்டு இருக்கும். கொட்டைக்குக் கூர்நுனி கிடையாது. உண்ணும் வகைக்கு உறை முழுக்க நெருக்கமான ஊசிமுள், கொட்டையில் கூர்நுனி. சந்தேகமிருந்தால் கடையில் வாங்கியதையே சுடுங்கள்.