எம்.டிஎச். படிக்க வைப்பு நிதியை உடைக்கலாமா?

கேள்வி: நான் தென்னிந்தியத் திருச்சபையில் போதகர், வயது 34. இறையியல் பட்டங்கள் தரும் செராம்பூர் செனட்டின் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) முடித்திருக்கிறேன். பெங்களூரில் இரண்டு வருடம் தங்கி, புதிய ஏற்பாட்டில் எம்.டிஎச். (இறையியல் முதுநிலைப் பட்டம்) படிக்க ஆசை. சம்பளம் 26,000; மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 14,000. வங்கியில் 3.5 லட்சம் வைப்பு நிதி, 6 வயது மகள் பெயரில் செல்வமகள் கணக்கு. கட்டணமும் விடுதியும் வருடத்துக்கு 1.2 லட்சம் ஆகும். வைப்பு நிதியை உடைப்பதா, கல்விக் கடன் வாங்குவதா? வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்கிறார் நண்பர்.
– தூத்துக்குடி மாவட்ட வாசகர்

பதில்: ஐயா, நீங்கள் கட்டணத்தை மட்டும்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அது இரண்டு வருடத்துக்கு 2.4 லட்சம். பெரிய செலவு வீட்டில் இருக்கிறது. நீங்கள் விடுதிக்குப் போனபின் வீட்டுச் செலவு மாதம் 28,000 என்று வைத்தால், மனைவியின் சம்பளம் போகத் துண்டு விழுவது 14,000. 24 மாதத்துக்கு 3.36 லட்சம். படிக்கப் போகிறவர் குருமனையை, அதாவது சபை தந்த வீட்டை, காலி செய்ய வேண்டியிருந்தால் வாடகை வேறு. 7,000 என்றாலும் 1.68 லட்சம். மொத்தம் 7.44 லட்சம். உங்கள் கையில் இருப்பதோ 3.5 லட்சம்.

மீதி ஏறக்குறைய 4 லட்சத்தைக் கடனாக வாங்கினால்? 10.5 சதவீத வட்டியில் 7 வருடத் தவணை மாதம் சுமார் 6,700 ரூபாய், படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலே. எம்.பி.ஏ. முடித்தவருக்குச் சம்பளம் கூடும், தவணை கட்டிவிடுவார். நீங்கள் எம்.டிஎச். முடித்துத் திரும்பினாலும் அதே சபை, கிட்டத்தட்ட அதே சம்பளம். அதில் கால்பங்கு கடனுக்கே போகும். இறையியல் கல்லூரியில் பாடம் எடுக்கும் வேலை கிடைத்தால் கதை வேறு, அதற்கு எம்.டிஎச். வேண்டும். ஆனால் இன்னும் கிடைக்காத வேலையை நம்பிக் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன்.

நண்பர் சொன்ன சலுகை, கல்விக் கடன் வட்டியை வருமானத்தில் கழிக்கும் 80இ பிரிவு, பழைய வரி முறையில் உண்டுதான். ஆனால் உங்கள் வருமானத்துக்கு வரியே வராதே, எதிலிருந்து கழிப்பது? வங்கியிலும் முதல் கேள்வி யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பற்றித்தான் வரும். செராம்பூர் பட்டம் தரும் உரிமை 1827-இல் டென்மார்க் மன்னர் தந்த சாசனத்திலிருந்தும் 1918-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தும் வருவது. கிளை மேலாளர் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே முதலில் போக வேண்டிய இடம், உங்கள் பேராயரின் கீழுள்ள திருமண்டல அலுவலகம். படிப்பு விடுப்பு, பாதிச் சம்பளம், குருமனையில் குடும்பம் தொடர்ந்து இருக்க அனுமதி, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பாதிச் சம்பளம் வந்தால் 3.12 லட்சம் கிடைக்கும், வாடகையும் இல்லை. அப்போது உங்களுக்குத் தேவை 2.64 லட்சம்தான். வைப்பு நிதியே போதும், 86,000 மிஞ்சும். பேராயர் வாயால் "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அதை நம்பி வேலையை விட்டுப் போகாதீர்கள். அனுப்புகிறவர்கள் ஒப்பந்தப் பத்திரம் கேட்டால், எத்தனை வருடம் திரும்பி ஊழியம் செய்ய வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரிகளை இரண்டு முறை படியுங்கள்.

சேர்க்கைத் தகுதியிலும் பணம் ஒளிந்திருக்கிறது. புதிய ஏற்பாடு என்றால் கிரேக்கம் வேண்டும். பி.டி.யில் உங்கள் கிரேக்க மதிப்பெண்ணும் மொத்தத்தில் வாங்கிய வகுப்பும் (முதல், இரண்டாம்) போதுமா என்று கல்லூரியிடம் விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். சேர்ந்தபின் குறை தெரிந்தால் ஒரு வருடம் வீண். ஆய்வேடும் அப்படித்தான்: இழுத்துக்கொண்டே போனால் மூன்றாம் வருடம் விடுப்பும் இருக்காது, சம்பளமும் இருக்காது. மிஞ்சும் 86,000-ஐ அதற்காக விட்டுவையுங்கள். டி.டிஎச். (இறையியல் முனைவர் பட்டம்) கனவு இருந்தால் அதற்கான கணக்கை இதோடு சேர்க்க வேண்டாம்.

வைப்பு நிதியை மொத்தமாக உடைக்கவும் வேண்டாம். முதல் வருடக் கட்டணத்துக்கு அதன்மீதே கடன் வாங்கலாம். பெரும்பாலும் வைப்பு வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூட. முதிர்வுத் தேதி பக்கத்தில் இருந்தால் அதுவே லாபம், தூரத்தில் இருந்தால் உடைப்பது மேல். செல்வமகள் கணக்கைத் தொட நினைத்தாலும் முடியாது. மகள் 18 வயதாவதற்கோ பத்தாம் வகுப்பு முடிப்பதற்கோ முன்னால் சாதாரணமாகப் பணம் எடுக்க விட மாட்டார்கள். வருடம் 250 ரூபாயாவது கட்டிக் கணக்கை உயிரோடு வைத்திருங்கள்.

அப்புறம், திருமண்டலம் வழியாக மருத்துவக் காப்பீடு இருந்தால் விடுப்புக் காலத்திலும் அது தொடருமா என்று அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.