மனப்பாடமா, வண்ணப் பென்சிலா?

போன இதழில், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கான வகுப்பைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் போட்டால் இந்த இதழில் வேறு எதற்கும் இடம் இருக்காது. நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, இந்த வருஷம் புதுநன்மை. ஞாயிறு மறைக்கல்வியில், அதாவது அந்தக் கால ஞானோபதேச வகுப்பில், படம் வரைகிறார்கள், ஆக்‌ஷன் சாங் பாடுகிறார்கள், நல்ல சமாரியன் கதையை நாடகமாகப் போடுகிறார்கள். பிள்ளை ஆசையாகப் போகிறாள். என் அத்தையோ, "பத்துக் கற்பனை தெரியல, பாவத்துக்கு வருந்திச் சொல்ற மனஸ்தாப மந்திரம் தெரியல, இதுக்குப் பேரு ஞானோபதேசமா?" என்று தினமும் சண்டை. யார் சொல்வது சரி? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: உங்கள் அத்தை பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல்.

நானும் அவர் காலத்துப் பிள்ளைதான். பள்ளிக்கூடம் விட்டதும் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார வைப்பார்கள், உபதேசியார் பிரம்போடு வருவார், அவர் கேள்வியைச் சொல்ல நாங்கள் பதிலைக் கத்துவோம். "பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க" என்று தினமும் ஐம்பது தடவை சொல்லியும், பிரியதத்தம் என்பது மாதாவோடு கூடவே இருந்த யாரோ ஒரு அக்கா என்றுதான் பத்து வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது அருளைக் குறிக்கிற சொல் என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. அந்த முறையின் பெரிய ஓட்டை அதுதான்: கேள்வியும் புத்தகத்தில், பதிலும் புத்தகத்தில், பிள்ளை கேட்க நினைத்த கேள்விக்கு அதில் இடமே கிடையாது.

ஆனால் உங்கள் கடற்கரையில் இது எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1542-ல் வந்த சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார், இரு மொழியும் தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்துத் தமிழாக்கிய செபங்களைச் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். அவருடைய கடிதங்களிலேயே இது இருக்கிறது. அவருக்குப் பின்னால் வந்த அண்டிரிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', தமிழில் அச்சான பழம்பெரும் நூல், 16 பக்கச் சின்னப் புத்தகம், ஞானோபதேசப் புத்தகம்தான். அடுத்த வருஷமே கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்', அது கேள்வி-பதில் வடிவில் வந்தது. இன்றைக்கு அத்தை 'பழைய முறை' என்று சொல்வது அந்தக் காலத்தில் புத்தம்புதிய தொழில்நுட்பம்!

அந்த மணிச்சத்தம் வீட்டுக்குள் போனதுதான் அதன் பலம் என்று நான் நினைக்கிறேன். ராத்திரி விளக்கேற்றி செபமாலை சொல்லும் வீட்டில், உபதேசியார் சொல்லிக்கொடுத்தது தினமும் ஒரு தடவை புழங்கியது. இன்றைக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதிலும் வருகைப்பதிவுக்குக் கால் மணி, போட்டி அறிவிப்புக்குக் கால் மணி. மீதி அரை மணியில் மனப்பாடம் செய்ய வைத்தாலும் நிற்காது, படம் வரைய வைத்தாலும் நிற்காது.

புதிய முறை சும்மா விளையாட்டுக்காகவும் வரவில்லை. 1962 முதல் 1965 வரை உலக ஆயர்கள் கூடி நடத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டி, பாடம் பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து தொடங்க வேண்டும், விவிலியத்தை நேராகத் தொட வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. இந்தியாவில் அதற்குக் கொடி பிடித்தவர் நம்மவர், அமலோர்பவதாஸ் அடிகளார். பெங்களூரில் 1967-ல் அவர் தொடங்கிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தில் பயிற்சி பெற்றவர்கள் ஊர் ஊராகப் போய் வகுப்பின் முகத்தையே மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் மனப்பாடத்தை மொத்தமாகத் தூக்கிப் போட்ட இடங்களும் உண்டு, அது தப்பு. 1979-ல் மறைக்கல்வி பற்றி எழுதிய மடலில் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் இதைக் கவனித்து, இயேசுவின் சில வார்த்தைகளும் கட்டளைகளும் முக்கியமான செபங்களும் பிள்ளைகளின் நினைவில் நிற்கத்தான் வேண்டும், ஆனால் புரிந்து நிற்க வேண்டும் என்கிறார்.

என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, எட்டு வயது, அவள் அப்பா திடீரென்று இறந்துபோனார். துக்க வீட்டில் பெரியவர்கள் செபமாலை தொடங்கியபோது அவள் சுவரோரம் உட்கார்ந்து கூடவே சொன்னாள். யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கு வண்ணப் பென்சிலால் ஒன்றும் ஆகியிருக்காது, வாயில் வார்த்தை இருந்தது.

உங்கள் வீட்டில் இன்னொரு குழப்பமும் இருக்கும், நீங்கள் எழுதவில்லை, நானே ஊகிக்கிறேன். உங்கள் அத்தை, அதாவது பிள்ளைக்குப் பாட்டி, 'பிரியதத்தத்தினாலே' என்பார், பேத்தி 'அருள் நிறைந்த மரியே' என்பாள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது பாட்டிக்குப் பாவசங்கீர்த்தனம், பேத்திக்கு ஒப்புரவு அருளடையாளம். அவர் பரிசுத்த ஆவி என்றால் இவள் தூய ஆவி. அத்தையின் கோபத்தில் பாதி இதுதான். தன் செபம் செல்லாக்காசு ஆகிவிட்டதோ என்ற பயம். ராத்திரி பத்து நிமிஷம் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வையுங்கள். செபமாலையில் ஒரு மணி பாட்டியின் தமிழில், அடுத்த மணி பேத்தியின் தமிழில். கட்டளை பத்தையும் வாரத்துக்கு ஒன்றாக அத்தையே சொல்லிக்கொடுக்கட்டும். பிரம்பு மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஆதாம் ஏவாளுக்கு முன்னால் டைனோசர் இருந்ததா என்று என் பதினோரு வயது மகன் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறான். "இப்படியெல்லாம் கேட்டால் விசுவாசம் போய்விடும்" என்று டீச்சர் உட்கார வைத்துவிட்டாராம். இனி போக மாட்டேன் என்கிறான். (வாசகர், சென்னை)

பதில்: பையன் கேட்டது நல்ல கேள்வி. இருந்தது, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாலேயே இருந்து அழிந்தும் போனது என்று தயங்காமல் சொல்லுங்கள். தொடக்க நூல் விலங்கியல் பாடமில்லை, விவிலியத்தில் ஒவ்வொரு பகுதியும் எந்த இலக்கிய வகை என்று பார்த்து வாசிக்க வேண்டும் என்று வத்திக்கான் சங்கமே 1965-ல் சொல்லிவிட்டது. மனித உடல் முந்தைய உயிர்களிலிருந்து வந்ததா என்று ஆராய்வதற்குத் தடையில்லை என்று போப்பாண்டவர் 12-ம் பத்திநாதர் 1950-லேயே எழுதினார், ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பிரபஞ்சம் ஒரு 'ஆதி அணு'விலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931-ல் எழுதிய ஜார்ஜ் லெமெத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர். இதைப் பையனிடம் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் காலேஜ் படிக்கிற பிள்ளையாகவோ, வீட்டு வேலையை முடித்துவிட்டு ஓடி வருகிற ஒரு அம்மாவாகவோ இருப்பார், சம்பளமும் கிடையாது. தெரியாததை மறைக்க அதட்டியிருப்பார். "தெரியலப்பா, அடுத்த வாரம் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லலாம் என்பதை அவருக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும். பங்குச் சாமியாரிடம் சொல்லி டீச்சர்களுக்கு ஒரு வகுப்பு வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கிளைப் பங்கில் எல்லா வயதுப் பிள்ளைகளும் நாற்பது பேர் ஒரே கூடத்தில். ப்ரொஜெக்டர், டிவி இல்லாமல் புதிய முறையில் எப்படிப் பாடம் எடுப்பது? (மறைக்கல்வி ஆசிரியை, திண்டுக்கல் பக்கம்)

பதில்: டிவி இருந்தால் நாற்பது பேரும் டிவியைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சோபியா கவலெத்தி என்ற அம்மையார் 1954-ல் ரோமில் மரியா மாண்டிசோரியின் வழியை ஒட்டி நல்லாயன் மறைக்கல்வியைத் தொடங்கியபோது கருவி என்று வைத்துக்கொண்டதே சின்னச் சின்ன உருவங்கள்தான்: ஒரு ஆயன், சில ஆடுகள், ஒரு பட்டி. உவமையை மெதுவாகச் சொல்லிக்கொண்டே அவற்றை நகர்த்துவார்கள், பிறகு பிள்ளை தானே எடுத்து நகர்த்தும். அந்த மாண்டிசோரி அம்மையாரும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் அடையாற்றிலும், உங்களுக்குப் பக்கத்திலேயே கொடைக்கானலிலும் தங்கியிருந்தவர்தான்.

களிமண்ணில் ஆடு பிடிக்க உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? பெரிய பிள்ளைகள் பத்துப் பேரைத் தலைவராக்கி, ஆளுக்கு மூன்று சின்னவர்களைக் கொடுங்கள். காணாமல்போன ஆட்டை ஒரு வாண்டு பட்டிக்கு வெளியே, தூரமாகக் கொண்டுபோய் வைப்பான். ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் நம்மால் முடியாது. கடைசி ஐந்து நிமிஷம் ஒரே ஒரு வசனம், எல்லோரும் சேர்ந்து, மனப்பாடமாக.

கேள்வி: மறைக்கல்வித் தேர்வில் என் மகள் முப்பத்திரண்டு மார்க். புதுநன்மை தள்ளிப்போகுமா? பயமாக இருக்கிறது. (வாசகி, திருச்சி)

பதில்: அந்தக் காலத்தில் பல நாடுகளில் பன்னிரண்டு, பதினான்கு வயது வரைகூடக் காக்க வைத்தார்கள். 1910-ல் போப்பாண்டவர் பத்தாம் பத்திநாதர் அதை மாற்றினார். ஏழு வயதை ஒட்டி விவரம் தெரிந்த பிள்ளைக்கு, நம்பிக்கையின் அடிப்படையான உண்மைகள் தன் அறிவுக்கு எட்டிய அளவில் தெரிந்து, நற்கருணை சாதாரண அப்பமில்லை என்று புரிந்தால் போதும், முழு ஞானோபதேசமும் தெரிந்திருக்கத் தேவையில்லை என்று ஆணையே போட்டார். பங்குச் சாமியாரிடம் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பேச வையுங்கள், அவர் கேட்கப்போவது மார்க்கை இல்லை. வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்துவிட்டீர்களா? அதை முதலில் பாருங்கள், சீசனில் டெய்லர் இழுத்தடிப்பார்.