ஒருமுறை விதைத்துப் பல வருடம் அறுக்கும் சோளம் உண்டா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிச் செம்மண் வைத்திருக்கிறேன். ஒருமுறை விதைத்து நாலு வருடம் அறுக்கும் நெல்லும் சோளமும் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வருடாவருடம் உழவுக்கும் விதைக்கும் கொடுத்து அலுத்துவிட்டது. விதை எங்கே கிடைக்கும்?

பதில்: நெல் வந்தது உண்மைதான், உங்கள் நிலத்துக்கு அது ஆகாது. தாய்லாந்து நெல்லையும் ஆப்பிரிக்கக் காட்டு நெல்லையும் சேர்த்துச் சீனாவின் யுன்னான் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய பி.ஆர். 23 ரகம் 2018-இல் வெளியானது. நான்கு ஆண்டில் எட்டு அறுவடை, அறுவடைக்கு ஹெக்டேருக்குச் சராசரி 6.8 டன். அத்தனையும் தண்ணீர் கட்டிய வயலில். நம் கண்மாய்களோ பங்குனிக்குள் வெடித்துக் கிடக்கும்.

நமக்கு ஏற்றது சோளம். ஆனால் பல வருடம் நிற்கும் சோளம் இன்னும் ஆராய்ச்சித் திடலைத் தாண்டவில்லை. தையில் கதிர் அறுத்த தட்டையின் அடியில், ஒரு தூறல் விழுந்தால் பச்சைக் குருத்து எட்டிப்பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூரைப் பிடுங்கிப் பாருங்கள், வெறும் சல்லிவேர். சித்திரை வெயிலில் கருகிவிடும். கோடை தாண்ட, கோரைக்கு இருப்பதுபோல மண்ணுக்குள் ஒரு சேமிப்பு வேண்டும். சோளத்தின் காட்டு உறவான ஜான்சன் புல்லுக்கு அது உண்டு: மண்ணுக்கடியில் கணுக்கணுவாக ஓடும் தண்டு. அமெரிக்காவின் கான்சாஸில் உள்ள லேண்ட் இன்ஸ்டிடியூட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் சோளத்தையும் இந்தப் புல்லையும் கலந்து பார்த்துவருகிறார்கள். மண்ணுக்குள் தண்டு ஓடினால் மணி சிறுக்கிறது, மணி பருத்தால் தண்டு குறைகிறது. இருக்கும் சோற்றை இரண்டு இலைக்குப் பரிமாறும் கதை.

நம்மூரிலேயே கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல் இருக்கிறதே! கம்பும் நேப்பியர் புல்லும் கலந்தது, வருடக்கணக்கில் நிற்கிறது. ஆனால் மலடு, மணி பிடிக்காது, கரணை நட்டே பெருக்குகிறோம்.

ஜான்சன் புல்லையே யாராவது விதை என்று நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். அதுவும் கோரைபோல மண்ணுக்குள் ஓடிப் பரவும் களை; கோரையோடு மல்லுக்கட்டுவதே போதும்.

மாடு இருந்தால், கிணற்று நீர் எட்டும் கால் ஏக்கரில் கோ.எஃப்.எஸ். 29 தீவனச் சோளம் போடுங்கள். சூடான் புல் கலந்த ரகம். முதல் வெட்டு 65 நாளில், பிறகு ஏறக்குறைய 50 நாளுக்கு ஒருமுறை. விதைக்குச் செட்டிநாடு வறட்சிநில வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப்பாருங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: எந்தச் சோளமானாலும் மழையின்றி வாடிய இளங்குருத்தில் மாட்டை அவிழ்த்துவிடாதீர்கள். அதிலுள்ள சயனைடு நச்சு, வைத்தியர் வந்து சேருமுன் மாட்டைச் சாய்த்துவிடும். பூவெடுத்த பிறகு அறுத்துப் போடுங்கள்.