பொலேரோவின் மேல் கேரியரில் நாமே ஒரு துணிப் பந்தல் அமைப்பது எப்படி?

தம் பொலேரோவின் மேல் கேரியரிலிருந்து பக்கவாட்டில் விரியும் ஒரு பந்தலைத் தாமே செய்ய விரும்புவதாகவும், ஆயத்தமாக விற்பவற்றின் விலை கட்டுப்படியாகவில்லை என்றும், ஒருவரே அதை விரித்துச் சுருட்ட முடிய வேண்டும் என்றும் கேட்டவர் எழுதியிருக்கிறார். நானும் அதே வகை வண்டியில், உள்ளூர் வெல்டிங் பட்டறையிலும் தார்ப்பாய் தைக்கும் கடையிலும் சொல்லிச் செய்துகொண்ட பந்தலைத்தான் பயன்படுத்துகிறேன். ஆகையால் என் அனுபவத்தில் சரியாக நின்ற அமைப்பையே இங்கே விவரிக்கிறேன்.

நிழலுக்கு மட்டும் என்றால் ஒரு பழைய வேட்டியே போதும். பந்தலின் ஒவ்வொரு பாகத்தையும் தீர்மானிப்பவை காற்றும் தேங்கும் மழைநீரும்தான். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட துணி, மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்றை நேராக எதிர்கொண்டால் ஏறத்தாழ 30 கிலோ எடைக்கு நிகரான தள்ளுதலும், 60 கி.மீ. வேகத்தில் 70 கிலோவை நெருங்கும் தள்ளுதலும் அதன்மேல் விழும். துணி படுக்கையாக விரிந்திருக்கும்போது இவ்வளவு வராது என்றாலும், ஓர் ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு துணி உப்பத் தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கு உண்மையாகிவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் வண்டியை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நீரின் கணக்கு இதைவிட எளிது: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கினால் 10 கிலோ. அந்த எடையால் துணி மேலும் தொய்ய, தொய்ந்த இடத்தில் மேலும் நீர் சேரும்.

அமைப்பு இதுதான். துணியின் இரு எதிர் ஓரங்களிலும் குழாய் நுழையும் அளவுக்கு மடித்துத் தைக்க வேண்டும். ஓர் ஓரத்துக் குழாய், கேரியரின் பக்கச் சட்டத்தோடு யூ போல்ட்டுகளால் (U வடிவ போல்ட்டுகளால்) இறுக்கப்பட்டு நிலையாக இருக்கும். மறு ஓரத்துக் குழாய் துணியோடு வெளியே வரும். வெளிக் குழாயின் இரு முனைகளிலும் போல்ட்டில் மடங்கும்படி இரண்டு கால்கள். கேரியருக்கும் வெளிக் குழாய்க்கும் இடையே துணியை விறைப்பாக வைத்திருக்க இரண்டு குறுக்குக் கம்புகள். ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு கயிறுகள். பயணத்தின்போது வெளிக் குழாயை உருட்டிக்கொண்டே வந்து உள் குழாயோடு சேர்த்து, பக்கிள் வைத்த பட்டைகளால் கட்டி, ரெக்ஸின் உறைக்குள் மூடிவிடலாம். உறையின் முன்முனை தைத்து மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் காற்று உள்ளே புகுந்து உறையைக் கிழித்துவிடும்.

குழாய்க்கு அலுமினியத்தையே பரிந்துரைக்கிறேன். 25 மி.மீ. சதுர அலுமினியக் குழாய், 2 மி.மீ. தடிமனில், மீட்டருக்கு அரைக் கிலோ அளவே இருக்கும். அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் நடுத்தர வகை மீட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டும். எடை முழுவதும் கேரியரின் ஒரே பக்கத்தில், அதுவும் வண்டியின் உச்சியில் ஏறுகிறது என்பதை மறக்கக் கூடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற பாதையில் அந்த வேறுபாட்டை ஓட்டுபவர் உணர்வார். கூரையில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்து, கேரியரின் எடையையும் அதில் சேர்த்துக் கணக்கிடுங்கள். பி.வி.சி. தண்ணீர்க் குழாயைத் தவிர்த்துவிடுங்கள். சித்திரை வெயிலில் அது இளகி, 2 மீட்டர் நீளத்துக்கு நடுவே தொய்ந்துவிடும்.

கால்களை ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்களால் செய்வது நல்லது. மேற்சொன்ன 25 மி.மீ. குழாயின் உள் அகலம் 21 மி.மீ.; அதற்குள் 19 மி.மீ. சதுரக் குழாய் தடையின்றி நகரும். துளைகளிட்டுப் பின் செருகினால் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். உள்ளே தள்ளிய நிலையில் ஒவ்வொரு காலும் ஒரு மீட்டருக்குள் அடங்கினால், இரண்டும் 2 மீட்டர் வெளிக் குழாயின் மேல் அடுத்தடுத்துப் படுத்து, துணிச் சுருளுக்குள்ளேயே மறைந்துவிடும். கேரியர் ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெளி ஓரத்தை 1.75 மீட்டரில் நிறுத்தினாலே நீர் வடியப் போதுமான சரிவு கிடைக்கும். மழை தொடங்கினால் ஒரு காலை மட்டும் இன்னும் ஒரு சாண் இறக்குங்கள். நீர் முழுவதும் அந்த ஒரே மூலை வழியாக வழிந்துவிடும்.

துணியில் சிக்கனம் பார்ப்பதைவிடத் தையலில் கவனம் வைப்பது பயன் தரும். உழவர்கள் நெல் மூடப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தார்ப்பாய் மலிவானது, இலேசானது. ஆனால் காற்றில் ஓயாமல் சடசடக்கும், தொடர்ந்து வெயில் பட்டால் நொறுங்கும். பி.வி.சி. பூசிய துணி சதுர மீட்டருக்கு 600 கிராம் வகையில் எடுத்தால் நம் 4 சதுர மீட்டர் துணிக்கு 2.4 கிலோ வரும். மழைக்கு உறுதியானது, ஆனால் தடித்த சுருளாகும். நீர் புகாதபடி பதப்படுத்திய கித்தானே (கான்வாஸ் துணியே) எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. அது வெப்பத்தைக் குறைப்பதோடு காற்றில் அமைதியாகவும் நிற்கிறது. நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். இரு துண்டுகளை இணைக்க நேர்ந்தால், ஓடு வேய்வது போல மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் படியும்படி தைக்கச் சொல்லுங்கள். பித்தளை வளையம் அடிக்கும் மூலைகளில் இரண்டு, மூன்று அடுக்குத் துணி வைத்துத் தைத்த பிறகே வளையத்தை அடிக்க வேண்டும்.

கேரியரில் துளையிடவோ, எதையும் வெல்டிங் செய்து ஒட்டவோ வேண்டாம். துளையிட்ட இடத்தில் துரு தொடங்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. போல்ட்டைக் கழற்றினால் முழுதாக வந்துவிடும் பொருளாக வைத்திருப்பதே எல்லா வகையிலும் பாதுகாப்பு. யூ போல்ட்டுக்கும் கேரியர் சட்டத்துக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வையுங்கள். உராய்வும் சத்தமும் குறைவதோடு, அலுமினியமும் இரும்பும் நேராக உரசி அரிப்பதும் தடுக்கப்படும். கடற்கரை ஊர்களில் இது மிக முக்கியம். நட்டு, உள்ளே நைலான் வளையம் இருப்பதால் அதிர்வில் கழலாத நைலாக் வகையாக இருக்க வேண்டும்.

பந்தலை வண்டியின் இடப்பக்கத்திலேயே பொருத்துங்கள். நம் சாலைகளில் இடது ஓரம் நிறுத்துகிறோம்; போக்குவரத்து இருக்கும் பக்கம் விரிப்பது ஆபத்து. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கு, பொள்ளாச்சி போன்ற இடங்களில் காற்றும் மேற்கிலிருந்து வருகிறது, பிற்பகல் வெயிலும் மேற்கிலிருந்து வருகிறது. வண்டியைத் தெற்கு நோக்கி நிறுத்தினால் பந்தல் கிழக்கே விரியும். வண்டியின் உடலே இரண்டையும் தடுக்கும்.

கயிறுகளில்தான் பந்தலின் உயிர் இருக்கிறது. ஒவ்வொரு கயிற்றின் நடுவிலும் சைக்கிள் டியூப் வளையம் ஒன்றைச் சேர்த்தால் திடீர்க் காற்றின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். முளைக்கு 12 மி.மீ. கட்டுமானக் கம்பியை ஒன்றரை அடி நீளத்தில் வெட்டி, தலைப்பகுதி வண்டிக்கு எதிர்ப்புறம் சாயும்படி அடிக்க வேண்டும். கடற்கரை மணலில் எந்த முளையும் நிற்காது. சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைப்பதே வழி. பாறைத் தரையில் 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களைக் கட்டலாம்; இளங்காற்றுக்கு அது போதும், மேலே சொன்ன கணக்கின்படி பலத்த காற்றுக்குப் போதாது. கயிறு, பந்தலின் மற்ற எல்லாப் பாகங்களையும்விட முதலில் அறும் தடிமனில் இருக்கட்டும். கயிறு அறுந்தால் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். கேரியர் பெயர்ந்தால் கூரைத் தகடும் சேர்ந்து நெளியும்.

ஒருவரே விரிப்பதற்கான வரிசை: உறையைத் திறந்து, ஓரடி மட்டும் உருட்டி, இரு கால்களையும் இறக்கி நிறுத்துங்கள், பிறகு கால்களை மாற்றி மாற்றி நகர்த்திக்கொண்டே வெளியே செல்லுங்கள், காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கட்டிவிட்டுக் குறுக்குக் கம்புகளைச் செருகுங்கள். சுருட்டும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்தால், காற்று வரும் பக்கத்துக் கயிறு கடைசியாக அவிழும். இரவில் உறங்கப் போகும் முன்பும், வண்டியை விட்டு அகலும் முன்பும் கட்டாயம் சுருட்டிவிடுங்கள். பந்தலுக்கு அடியில் அடுப்பு மூட்ட வேண்டாம். மழையில் நனைந்த நிலையில் சுருட்ட நேர்ந்தால், வீடு சேர்ந்த மறுநாளே விரித்துக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு உறைக்குள் கிடந்தால் கித்தானில் பூஞ்சை பிடித்துத் துணி இற்றுப்போகும்.