அடுப்பு அப்புறம், முதலில் சிம்னி

கேள்வி: தேயிலைத் தோட்டத்தின் பழைய உத்தியோகத்தர் வீடொன்றில் குடியிருக்கிறோம். முன்னறையில் கணப்படுப்பு இருந்த இடத்தை யாரோ செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் மகன், கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு விறகடுப்பு ஒன்றை அனுப்புகிறேன் என்கிறான். அடைப்பை உடைத்து அதை வைக்கலாமா ஐயா? அறை 15 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி. மிலாறு (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளை) வேண்டிய அளவு கிடைக்கும்.
- வாசகி ஒருவர், கந்தப்பளை

பதில்: வைக்கலாம் அம்மா. திறந்த கணப்பில் எரியும் விறகின் சூட்டில் பெரும்பகுதி சிம்னி வழியாக வெளியே போய்விடும். கதவு போட்ட அடுப்பு பாதிக்கு மேல் அறைக்குத் தரும். ஆனால் இப்போதே அனுப்ப வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

முற்றத்தில் நின்று கூரையைப் பாருங்கள். கூரை மாற்றும்போது சிம்னியை வெட்டிவிட்டு மேலே தகரத்தை இழுத்து மூடிய வீடுகள் உண்டு. சிம்னி நின்றாலும் உள்ளே மைனாக் கூடோ தேன்கூடோ இருக்கலாம். பழைய சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்திருந்தால் புகை சீலிங்குக்குள் கசியும். அங்கே இருப்பதெல்லாம் காய்ந்த மரச் சட்டங்கள். ஆகவே அடுப்பிலிருந்து சிம்னி உச்சிவரை துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்க வேண்டும். அடுப்பின் புகைவாய் 6 அங்குலம் என்றால் குழாயும் 6 அங்குலம். அதைவிடச் சிறியதைப் போட்டால் புகை அறைக்குத் திரும்பும். குழாயைச் சுற்றி மிச்சமுள்ள ஓட்டையை இரும்புத் தகட்டால் மூடச் சொல்லுங்கள்.

உடைக்கும்போது மேசன் பாஸ் சம்மட்டியைத் தூக்கினால் தடுத்துவிடுங்கள். சுவரைத் தட்டிப் பார்த்தால் அடைத்த இடம் மட்டும் வெறுமையாகச் சத்தம் தரும். அந்தச் செங்கலை மட்டும் உளியால் ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். கணப்பின் வாய்க்கு மேலே இருக்கும் வளைவையோ லிண்டலையோ தொடவே கூடாது. சிம்னியின் பாரம் அதன் மேல்தான் நிற்கிறது. அதில் வெடிப்பு இருந்தால் முட்டுக் கொடுத்துவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அடுப்புக்கு அடியிலும் முன்னாலும் கல்லோ சீமெந்தோதான், பலகைத் தரை ஆகாது.

அளவு? உங்கள் அறை ஏறக்குறைய 60 கன மீற்றர். 14 கன மீற்றருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுக் கணக்கு. 14ஆல் வகுத்தால் 4 கிலோவாட் சொச்சம், அது போதும். ஊருக்குக் காட்ட 8 கிலோவாட் வாங்கினால் சூடு தாங்காமல் காற்றை அடைத்து அடைத்து எரிப்பீர்கள். அடக்கி எரிக்கும் நெருப்பில்தான் குழாய்க்குள் தார் படியும்.

மிலாறுக்கு வருவோம். காய்ந்த மிலாறு பற்றவைக்க அருமை, ஆனால் சடசடவென்று எரிந்து முடிந்துவிடும். இரவுக்குப் பிளந்த சவுக்கோ யூகலிப்டஸோ வேண்டும், அதுவும் ஈரம் நூற்றுக்கு 20க்குக் கீழ். நம் மூடுபனியில் இதுதான் பெரிய பாடு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் இருக்கும்போது வெட்டிப் பிளந்து, மேலே தகரம், பக்கமெல்லாம் திறப்பு என்று அடுக்குங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் 'டிங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் இன்னும் காயவில்லை. நெருப்பில் போட்டதும் முனையில் நுரை கொப்பளித்துச் சீறினால் அதுவும் பச்சை விறகே. அதை எரித்தால் குழாய்க்குள் பாகு இறுகினாற்போல் கறுப்பாக மினுங்கும் தார் ஒட்டும். ஒரு நாள் அது பற்றிக்கொண்டால் சிம்னியே எரியும். வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரஷ் விட்டுத் துடையுங்கள்.

குளிருக்காக ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த அடுப்பு எரியும் அறையில் அது கூடாது, காற்று உள்ளே வர ஒரு வழி வேண்டும். காற்றுப் போதாத நெருப்பிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மகன் அடுப்போடு அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் அனுப்பட்டும்.

ஆ, வீடு தோட்டத்துடையது அல்லவா? சுவரில் கைவைக்கும் முன் தோட்டத் துரையிடம் (மனேஜரிடம்) எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல் அடுத்த துரை வரும்வரைதான். அனுமதி கிடைத்ததும் சிம்னியின் உயரத்தை அளந்து எழுதுங்கள், குழாய் எத்தனை அடி வாங்குவது என்று சொல்கிறேன்.